இருபத்தொன்பதாம் கேள்வி

மார்ச் 21, வெள்ளி

சுடருக்கு இன்று வேதியியல் தேர்வு. அவரவர் பாடத் தேர்வன்று அந்தப் பாட ஆசிரியர்களுக்கு அறைக் கண்காணிப்பு கிடையாது. அதனால் நான் வீட்டில்தான் இருந்தேன். பத்து மணியிலிருந்து ஒன்றேகால்வரை என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். மசாலா டப்பாக்களைக் கழுவிக் காயவைத்தேன். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். காய்ந்த டப்பாக்களை மறுபடி கழுவினேன். பத்தொன்பது வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன், எந்த வருடத் தேர்வுக்கும் இப்படி இருந்ததில்லை. சொந்தப் பெண் எழுதும்போதுதான் தெரிகிறது.

ஒன்றரைக்கு வந்தாள். சாப்பிடக்கூட உட்காராமல் வினாத்தாளை என் கையில் திணித்து, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன எழுதினாள் என்று ஒப்பித்தாள். நல்ல தாள். ஒரு மதிப்பெண் பதினைந்தும் சரி. பெரிய கணக்கு சரி. மூன்று மதிப்பெண் பகுதியில் மின்னாற்பகுப்பு வந்திருக்கிறது, இருபத்தொன்பதாவது கேள்வி. அதையும் எழுதியிருக்கிறாள்.

"எல்லாம் சரியாம்மா?"

"எல்லாம் சரிதான். போய்ச் சாப்பிடு."

செவ்வாய்க்கிழமை உயிரியல். அவள் ஆசைப்படுகிற கால்நடை மருத்துவத்துக்கு அதுதான் பெரிய பாடம். இப்போது அவள் மனம் கலங்கக் கூடாது.

சாயங்காலம் பிரிட்ஜை இழுத்துப் போட்டுப் பின்பக்கம் துடைத்தேன்.

மார்ச் 22, சனி

வெயில். தலைவலி. வினாத்தாளைப் பீரோவுக்கு மேல் வைத்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

உயிரியல் முடிந்தது. நூறு வரும் என்கிறாள். வந்ததும் வராததுமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போய்விட்டாள். அங்கிருக்கும் டாக்டர் விடுமுறை நாட்களில் அவளை ஆடு பிடித்துக்கொள்ள விடுவார். திரும்பி வரும்போது சுடிதார் முழுக்க ரோமம். "அம்மா, ஒரு கெடாவுக்கு வயிறு உப்பிப் போயி, பக்கத்துல ஓட்டை போட்டுக் காத்த வெளியேத்துனாங்க. நான்தான் காலப் பிடிச்சேன்!" சாப்பிடும்போதும் அதே பேச்சு. சுடரின் அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

இவர் அரசுப் பேருந்தில் நடத்துனர். பதினைந்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து கிடா வயிற்றைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு ஆணை வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல், புதுக்கோட்டையிலேயே ஒரு பெண்கள் பள்ளியில். வேறு மாவட்டத் தாள்கள்தான் நம்மிடம் வரும். சுடரின் தாள் எங்கோ முகம் தெரியாத ஒருவர் மேசைக்குப் போயிருக்கும்.

தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கினேன். சிவப்புப் பேனா நான்கு வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஆறு இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

முகாம், முதல் நாள். வாசலிலேயே கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டு டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள். என் உறவினர் தாள் எதுவும் இந்த முகாமில் இல்லை என்று உறுதிமொழிப் படிவம். கையெழுத்துப் போட்டேன். உண்மைதான்.

எங்கள் மேசையில் ஆறு பேர். எங்களுக்கு முதன்மைத் தேர்வாளர் ஜெபமாலை சார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் தமீம் அன்சாரி. கடற்கரைப் பக்கம் ஜெகதாப்பட்டினத்தில் வேலை, பணிக்கு வந்து இரண்டு வருடம்தான். போன வருடம் நான் எடுத்த பணியிடைப் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பையன். பையன் என்று சொல்லக் கூடாது, கல்யாணம் ஆகிவிட்டதாம்.

கீ என்று நாங்கள் சொல்லும் விடைக்குறிப்பை ஜெபமாலை சார் வாசித்தார். நாங்கள் குறித்துக்கொண்டோம். இருபத்தொன்பது: காப்பர் சல்பேட் கரைசலைக் காப்பர் மின்முனைகள் கொண்டு மின்னாற்பகுத்தால் இரு மின்முனைகளிலும் நிகழ்வது என்ன, கரைசலின் நிறம் என்னவாகும்? எதிர்மின்முனையில் காப்பர் படியும், ஒன்று. நேர்மின்முனையில் ஆக்சிஜன் வெளிவரும், ஒன்று. கரைசலின் நீலநிறம் மங்கும், ஒன்று.

"யாருக்காச்சும் சந்தேகம் இருக்கா?"

ஆளாளுக்குத் தாள் கட்டைப் பிரித்தார்கள். நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சுடர் எழுதியதும் இதுதான். எல்லாம் சரி என்று அன்றைக்கே எழுதியிருக்கிறேன்.

காலை பன்னிரண்டு, மாலை பன்னிரண்டு, மொத்தம் இருபத்து நான்கு தாள் திருத்தினேன். வரும் வழியில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை இடைவேளையில் தமீம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், இருபத்தொம்பதுல கீ சரியா?"

"ஏன் கேக்குறீங்க?"

"கேள்வியில காப்பர் மின்முனைன்னு இருக்குல்ல. பிளாட்டினம் வச்சாத்தான் அது வினையில சேராம சும்மா நிக்கும், தண்ணியிலேர்ந்து ஆக்சிஜன் வரும், நெறம் மங்கும். காப்பரே வச்சா அதுவேல்ல கரையும்? இந்தப் பக்கம் கரைஞ்சு அந்தப் பக்கம் படியும். நெறம் மாறாது. போன வருஷப் பயிற்சியில நீங்கதானே டீச்சர் எடுத்தீங்க?"

"எடுத்தேன்."

"அப்ப…"

"தமீம், நாம திருத்த வந்திருக்கோம். கேள்வித்தாள் எடுக்க வரல. மேலேர்ந்து என்ன வந்திருக்கோ அதப் போட்டுட்டுப் போங்க. புதுசா வந்திருக்கீங்க, எதுக்கு வம்பு?"

அவர் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார். டீ ஆறிப் போயிருக்கும்.

இன்று என் இருபத்து நான்கில் ஏழு பிள்ளைகள் காப்பர் கரையும் என்று எழுதியிருந்தார்கள். ஏழு பேருக்கும் மூன்றுக்கு ஒன்று. எதிர்மின்முனைக்கு மட்டும்.

வீட்டுக்கு வந்து சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். செய்த பிறகுதான் நேற்றே பதிவு செய்தது ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 9, புதன்

காலை நான்காவது தாள். கோணல் எழுத்து, ஆனால் அடித்தல் திருத்தல் இல்லை. இருபத்தொன்பதாம் கேள்விக்கு இரண்டு வினைகளையும் எழுதி, கீழே படம் போட்டு, அதற்கும் கீழே ஒரு வரி: "எங்கள் பள்ளியில் செய்து பார்த்தோம். நேர்மின்முனை மெலிந்துவிட்டது. நீலம் அப்படியே இருந்தது."

எந்த மாவட்டமோ, எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ தெரியாது. மேல் பகுதியைக் கிழித்துவிட்டுத்தானே அனுப்புகிறார்கள். செய்து காட்டியிருக்கும் அந்த ஆசிரியர் யாரோ. நான் கடைசியாக இதை வகுப்பில் செய்து காட்டி நான்கைந்து வருடம் இருக்கும். கரும்பலகையில் படம் வரைந்துவிட்டுப் போய்விடுவேன்.

ஒன்று போட்டேன். பக்கத்தைத் திருப்பினேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தமீம் எழுந்து நேராக ஜெபமாலை சாரிடமே போய்விட்டார். கையில் பாடப்புத்தகம். சார் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு எங்கள் மேசையைப் பார்த்துச் சத்தமாக, "மங்கையர்க்கரசி டீச்சர், நீங்க சீனியர். இவரு கீ தப்புங்குறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கீ என்ன சொல்லுதோ அதுதான் சார்."

"கேட்டுக்கிட்டீங்களா தம்பி? ரெண்டு வருஷ சர்வீஸுல கீயத் திருத்த வந்துட்டீங்க. மொதல்ல தாளத் திருத்துங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். தமீம் வந்து உட்கார்ந்தார். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. மாலை டீக்கு எழுந்திருக்கவில்லை.

விடைக்குறிப்பு சரி என்று நான் சொல்லவில்லை. அது சொல்வதுதான் என்றேன். இரண்டும் வேறு.

ஏப்ரல் 10, வியாழன்

அரசு விடுமுறை. முகாம் இல்லை.

காலையில் மாவு அரைத்தேன். தலையணை உறையெல்லாம் துவைத்தேன். சுடர் கூடத்தில் கால்குலேட்டரும் காகிதமுமாக உட்கார்ந்திருந்தாள். உயிரியல் முழுசாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, மொத்தம் இருநூறுக்கு எவ்வளவு வரும் என்று நூறு தடவை போட்டுப் பார்த்துவிட்டாள். போன வருடம் கால்நடை மருத்துவத்தில் எங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் நின்றது என்று யாரோ அனுப்பிய பட்டியலும் வைத்திருந்தாள்.

"அம்மா, கெமிஸ்ட்ரில ரெண்டு மார்க் போனா கட் ஆஃப்ல ஒண்ணு போயிரும். ஒண்ணுக்குள்ள எவ்ளோ பேரு நிக்கிறாங்க தெரியுமா? ஆனா எனக்குத்தான் எதுவும் போகாதே. நீயே சொல்லிட்ட."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இவர் வந்து கதவில் சாய்ந்துகொண்டு, "என்ன மங்கை, உப்பு போட்டுட்டு மறுபடி போடுற? முகாமுல எதும் பிரச்சனையா?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. மார்ச் 21 அன்று எல்லாம் சரி என்று எழுதியது பொய். சுடர் 'ஆக்சிஜன் வரும், நிறம் மங்கும்' என்று சொன்ன அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. காப்பர் மின்முனை என்ற வார்த்தையைக் கவனிக்காமல், பிளாட்டினம் என்று நினைத்து எழுதியிருக்கிறாள். இரண்டு மதிப்பெண் போயிற்று என்று தெரிந்தேதான் சரி என்றேன். உயிரியல் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். உயிரியல் முடிந்து பதினாறு நாள் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை ஜெபமாலை சார் அந்த விடையை வாசித்தபோது எனக்கு ஏற்பட்டது என்ன என்பதையும் எழுதுகிறேன். சந்தோஷம். எங்கள் முகாமில் இந்த விடைக்குறிப்பு என்றால் எல்லா முகாமிலும் இதுதான். சுடருக்கு மூன்றுக்கு மூன்று.

அந்தக் கோணல் எழுத்துப் பிள்ளைக்கு ஒன்று.

மதியம் படுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுந்து பரணை ஒழித்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

முகாம் வாசலில் எனக்கு முன்பாகவே தமீம் நின்றுகொண்டிருந்தார். கைப்பேசியைக் கொடுக்கிற வரிசையில் நிற்காமல் வேப்பமரத்துக்குக் கீழே நின்றார். என்னைப் பார்த்ததும் தயங்கித் தயங்கி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க அப்புடிச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ரெண்டு வருஷமா பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேனோன்னு நேத்து முழுக்க ஒரே ரோதனை. காப்பர் சல்பேட்டுக்கு உரக்கடையில மயில்துத்தம் வாங்குனேன். மோட்டார் கட்டுற கடையில செம்புக் கம்பி. ஒத்த டார்ச் செல். கண்ணாடி டம்ளர்ல காலையில வச்சு, மத்தியானம் எடுத்தேன். பாருங்க."

உறைக்குள் இரண்டு கம்பிகள். ஒரே கம்பியிலிருந்து வெட்டியவை. ஒன்று, கரைசலில் மூழ்கிய இடம் மட்டும் அரித்து அரித்து ஊசி மாதிரி ஆகியிருந்தது. மற்றதில் செம்பழுப்பாகச் செதில் செதிலாக அப்பியிருந்தது. தொட்டால் உதிரும் போல.

"ஒரு குமிழி வரல டீச்சர். நான் பக்கத்துலயே உக்காந்து பார்த்தேன். தண்ணியும் அப்புடியே நீலமாத்தான் இருக்கு. நான் எங்க தப்புப் பண்றேன்னு நீங்களே சொல்லிருங்க."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நிஜமாகவே தன் தப்பைத் தேடிக்கொண்டு வந்திருந்தார்.

"நீங்க தப்புப் பண்ணல தமீம்" என்றேன். "எனக்கு மொத நாளே தெரியும்."

அவருக்குப் புரியவில்லை. "என்ன டீச்சர்?"

"கீ தப்பு. வாசிக்கும்போதே தெரியும். என் பொண்ணு இந்த வருஷம் பரீட்சை எழுதியிருக்கா. அவ ஆக்சிஜன்னு எழுதிட்டா."

அவர் கம்பிகளை மறுபடி உறைக்குள் போட ஆரம்பித்தார். ஒன்று கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டார். "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்க்காமல் வரிசையில் போய் நின்றார்.

நான் நேராக ஜெபமாலை சாரிடம் போனேன். சார் முதலில் நம்பவில்லை. "ஏன் டீச்சர், புதன்கிழமை வேற மாதிரி சொன்னீங்களே?" என்றார். பிறகு புத்தகத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மூணு நாள் கட்டு சீல் வச்சுப் போயிருச்சே" என்றார்.

முகாம் அலுவலர் அறையில் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அலுவலர் அம்மா யாருக்கோ போன் செய்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எப்ப கவனிச்சீங்க?"

"திங்கக்கிழமை காலையில, மேடம்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா மேடம்."

"நடுவுல ஏன் சொல்லல?"

சொன்னேன். அறையில் இருந்த எழுத்தர் தட்டச்சை நிறுத்திவிட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

ஒரு பக்கம் எழுதினேன். தமீம் அன்சாரி புதன்கிழமையே சரியாகச் சொன்னார், அவரை மறுத்தது நான், என்று தனிப் பத்தியாக எழுதினேன்.

ஏப்ரல் 12, சனி

காலை பத்தரைக்குத் திருத்திய விடைக்குறிப்பு வந்துவிட்டது. காப்பர் மின்முனை கரையும், நிறம் மாறாது. அந்த விடைக்கு மட்டுமே மதிப்பெண்.

வேறு இரண்டு முகாம்களிலிருந்தும் புதன்கிழமையே இதே கேள்வி போயிருந்ததாம். ஜெபமாலை சார் சொன்னார். அப்படியென்றால் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் இன்று இது வந்திருக்கும்.

இதைக் கேட்டதிலிருந்து நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்றே புரியவில்லை.

பழைய கட்டுகளையெல்லாம் பிரித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். முகாமே முனகியது. வெளியூர்க்காரர்கள் மதிய பஸ்ஸைப் பிடிக்க நினைத்திருந்தார்கள். "யாரோ வீட்டு விவகாரத்துக்கு நாம உக்காந்து கெடக்கோம்" என்று பின்மேசையிலிருந்து ஒரு குரல். செய்தி அதற்குள் பரவிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கோணல் எழுத்துத் தாள் வந்தது. ஒன்றை அடித்து மூன்று போட்டுச் சுருக்கொப்பம் இட்டேன். மொத்தத்தையும் திருத்தினேன். அறுபத்தைந்து அறுபத்தேழு ஆனது. ஆக்சிஜன் என்று எழுதியவர்களும் நிறையப் பேர். மூன்றை அடித்து ஒன்று. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் எங்கோ ஒரு மேசையில் யாரோ சுடரின் தாளில் இதையே செய்துகொண்டிருப்பார்கள் என்று தோன்றியது.

ஜெபமாலை சார் மைக் இல்லாமலே எழுந்து நின்று, "புதன்கிழம தமீம் சார் சொன்னது சரி. நான் கேட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க சார்" என்றார். தமீம் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார். என்னோடு பேசவில்லை. மாலையில் எனக்கும் சேர்த்து டீ எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை இட்லி முடிந்து இவர் பணிக்குப் போன பிறகு, பீரோவுக்கு மேலிருந்து வினாத்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்து, "இருபத்தொம்பதாவது கேள்வியப் படி" என்றேன். படித்தாள். இரண்டாவது தடவை படிக்கும்போது உதடு நின்றது.

"காப்பர் மின்முனை" என்றாள்.

"ஆமா."

"நான் பிளாட்டினம்னு நெனச்சு…" வினாத்தாளை மடித்தாள். "ரெண்டு மார்க். பரவால்ல. நீ அன்னிக்குக் கவனிக்கலையா?"

இந்த இடத்தில் 'கவனிக்கவில்லை' என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

"கவனிச்சேன். தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்."

பிறகு முகாமில் நடந்ததையும் சொன்னேன். கீ தப்பாக வந்தது, நான் பேசாமல் இருந்தது, தமீம், கடிதம், எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றைக் கேட்டாள்.

"நீ சொல்லலேன்னாலும் கீ மாறியிருக்கும்ல?"

"மாறியிருக்கும்."

"அப்ப மார்க்கு போனது உன்னால இல்ல. அது நான் ஒழுங்காப் படிக்காம எழுதுனது." நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஆனா மூணு வாரமா நான் எல்லார்கிட்டயும் என்னம்மா சொல்லிட்டிருந்தேன்? எங்கம்மா கெமிஸ்ட்ரி டீச்சர், அவங்களே எல்லாம் சரின்னுட்டாங்கன்னு சொல்லிட்டிருந்தேன். டாக்டர்கிட்ட சொன்னேன். பிரெண்ட்ஸ்கிட்ட சொன்னேன். கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், நீ அங்கயே நின்னு பார்த்துட்டிருந்த. அன்னிக்கே தப்புன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன்ல?"

"பயாலஜி இருந்துச்சேன்னு…"

"பயாலஜி முடிஞ்சு எத்தன நாளாச்சு?"

பத்தொன்பது நாள். அவளே எண்ணியிருப்பாள்.

மத்தியானம் சாப்பிடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. வடை, பாயசம். மூன்று பேரும் சாப்பிட்டோம். இவர் மட்டும் பேசினார்.

ஏப்ரல் 17, வியாழன்

முகாம் முடிந்தது. எனக்குக் குறிப்பாணை வந்திருக்கிறது, ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இவர் அதைப் படித்துவிட்டு, "டிக்கெட் குடுக்காம விட்டா எங்களுக்கு வர்றது மாதிரியே இருக்கு" என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். பிறகு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் மங்கை" என்றார். கடைசி நாள் தமீம் போய்வருகிறேன் என்று சொன்னார்.

சுடர் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். தண்ணி வந்துருச்சு. கேஸ்காரர் வந்தாரு. இவ்வளவுதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

விளக்கம் ஏற்கப்பட்டது. எச்சரிக்கை, மூன்று ஆண்டுகளுக்குத் திருத்தும் பணி கிடையாது. பள்ளியில் ஓய்வறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு ஒரு வினாடி நிற்கிறது. பிறகு வெயிலைப் பற்றி ஆரம்பிக்கிறார்கள்.

மே 8, வியாழன்

முடிவுகள். உயிரியல் நூறு. இயற்பியல் தொண்ணூற்றேழு. வேதியியல் தொண்ணூற்றெட்டு.

அந்த இரண்டுதான். வேதியியலில் வேறெங்கும் ஒன்றுகூடப் போகவில்லை. மதிப்பெண் திரையில் வந்ததும் சுடர் என் கையைப் பிடித்தாள், உடனே விட்டுவிட்டாள். பிடித்தது அவளுக்கே தெரியாமல் நடந்திருக்க வேண்டும். நான் அதை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை ஓட்டினேன்.

ஜூலை 4, வெள்ளி

கால்நடை மருத்துவம் தரவரிசை வந்துவிட்டது. எங்கள் பிரிவில் கடைசியாக இடம் கிடைக்கக்கூடிய பிள்ளைக்கும் சுடருக்கும் அரை மதிப்பெண் வித்தியாசம். வேதியியலில் அந்த இரண்டு இருந்திருந்தால் உள்ளே போயிருப்பாள். பட்டியலை மூன்று பேரும் ஒரே கைப்பேசியில் பார்த்தோம். இவர் எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது, மாடியிலிருந்து கொட்ட ஆரம்பித்தது, யாரும் நிறுத்தவில்லை.

சுடர் அழவில்லை. "அடுத்த சுற்றுல யாராச்சும் வேண்டாம்னு போவாங்க. போகலேன்னாலும் பரவால்ல" என்றாள். பரவாயில்லை என்று சொல்லும்போது அவள் எதையாவது கையில் எடுத்துத் திருகுவாள். தலையணை நூலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 7, திங்கள்

திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பட்டப்படிப்புக்கு இரண்டாம் கட்டச் சேர்க்கை நடக்கிறது. இன்றே கடைசி நாள். பள்ளியிலிருந்து அரைநாள் விடுப்பில் வந்தேன். சுடர் கூடத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் உடை மாற்றிக்கொண்டு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் துணி மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

ஏப்ரல் பதிமூன்றுக்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் காட்டியதில்லை. மற்ற விண்ணப்பங்களை அப்பாவிடம் கொடுத்துத்தான் சரிபார்த்தாள். இவர் எல்லாவற்றுக்கும் "சரியாத்தான்டா இருக்கு" என்பார்.

"அம்மா."

நிமிர்ந்தேன். விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இதப் பார்த்துச் சொல்லு. தப்பு இருந்தா தப்புன்னு சொல்லு."

வாங்கி மெதுவாகப் படித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவெண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. அப்பா பெயருக்கு எதிரே முன்னெழுத்து விட்டுப்போயிருந்தது.

"ரெண்டு தப்பு இருக்கு" என்றேன்.

"எங்க?"

காட்டினேன். உட்கார்ந்து திருத்தினாள். மூன்றாவதாக ஒன்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அதையும் சொன்னேன்.